நிலமும் ஆலையும்: கரசூர் கற்பிக்கும் பாடம்

புதுச்சேரி நகரை விட்டு வடமேற்கே சென்றால், நகரின் ஆரவாரம் சற்று அடங்கும் இடத்தில் சேதராப்பட்டு, கரசூர் என்னும் ஊர்கள் வருகின்றன. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை உண்டு. ஆலைச் சங்கின் ஒலி அவ்வூர்க்குப் புதிதன்று. ஆனால் அதனையடுத்து ஏறத்தாழ 750 ஏக்கர் பரப்புள்ள நிலம், பயிரும் இன்றி ஆலையும் இன்றி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தரிசாகக் கிடந்தது. அந்நிலத்தை என்ன செய்வது என்பதே புதுவையில் நெடுநாளாக நிகழ்ந்துவரும் வாதம். உழவரும் நெசவாளரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் நம் போன்ற சங்கத்தார்க்கு இவ்வாதம் அயலார் விவகாரம் அன்று. ஆகவே அதனை இங்கே சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

நிலம் போன வரலாறு

2005-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தை இயற்றிற்று. ஏற்றுமதிக்கான பொருள்களை ஆக்கும் தொழில்களை ஒரே வளாகத்தில் கூட்டி, அவற்றுக்கு வரிச் சலுகைகள் அளிப்பதே அச்சட்டத்தின் நோக்கம். அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில், புதுவையிலும் அத்தகைய மண்டலம் ஒன்று அமைய வேண்டும் என்று கருதிய அரசு, சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் நிலத்தைக் கையகப்படுத்திற்று. ஆலைகள் எழும், ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை அன்று எங்கும் பரவியிருந்தது.

மண்டலம் எழவில்லை. திட்டத்தைச் சுற்றி வழக்கும் விசாரணையும் எழுந்தன, ஆட்சிகள் மாறின, ஆண்டுகள் ஓடின. முடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டு, அந்நிலம் பிப்டிக் என்று மக்கள் வழங்கும் அரசுத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் வழியே தொழிற்பூங்காக்களுக்குப் பயன்படும் என்ற அறிவிப்புகள் வந்தன.

இது புதுவைக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, நாடெங்கும் இம்மண்டலங்களுக்கென அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேர் நிலத்தில், தொழில் தொடங்கப்பெற்றது 28,488 ஹெக்டேரில் மட்டுமே. அஃதாவது நூற்றுக்கு 62 பங்கு. எஞ்சியது வெற்று நிலம்.

தரிசாகக் கிடந்த காலத்தின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு காணி நிலம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் அரிசியையும் மாட்டுக்குத் தீவனத்தையும் தருகின்றது. கடன் வாங்கும் வேளையில் ஈடாகவும் நிற்கின்றது. அதற்கு ஈடாகப் பெற்ற பணமோ, மகள் திருமணம், பழைய கடன், வீட்டுக் கூரை என்று சில ஆண்டுகளில் கரைந்துவிடும் இயல்பினது. நிலம் உடையார்க்கேனும் நஷ்டஈடு உண்டு. அந்நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்றவர்க்கு, அந்நாளில் நடைமுறையில் இருந்த 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இடமே இல்லை. ஆலை வந்திருந்தால் அவர்களில் சிலர்க்கேனும் வேலை கிடைத்திருக்கும். ஆலையும் வரவில்லை, வயலும் இல்லை. இரு கரையும் இழந்த ஓடம் போல் ஆயிற்று அவர்கள் நிலை.

இரு தரப்பார் கூற்று

தொழில் வேண்டும் என்பார் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுவைப் பிரதேசம் மிகச் சிறியது. ஏறத்தாழ 293 சதுரக் கிலோமீட்டர். கரசூர் நிலம் ஒன்றே அதில் நூற்றில் ஒரு பங்காகும். 2011-ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி, ஒன்றியப் பிரதேசம் முழுவதிலும் சதுரக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 2,500-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகரின் புறத்தே வளர்ந்த உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை அக்கணக்கிலேயே 3 லட்சமாகி, ஏறத்தாழ 2 லட்சத்து 44 ஆயிரமாக இருந்த புதுச்சேரி நகராட்சியை விஞ்சிவிட்டது. படித்த இளைஞர் வேலை நாடிச் சென்னைக்கும் பிற இடங்களுக்கும் செல்கின்றனர். இவ்வளவு நெருக்கமான பிரதேசத்தில், கையில் உள்ள 750 ஏக்கரை முள்ளுக்கும் புதருக்கும் விட்டுவைப்பது அறிவுடைமையோ என்று அவர்கள் வினவுகின்றனர்.

மறுதரப்பார் வினவுவதும் செவிசாய்க்கத் தக்கதே. பொதுநலன் என்று சொல்லி வாங்கிய நிலம், அப்பொதுநலன் நிறைவேறாதபோது யாருக்கு உரியது? அன்றைய விலைக்கு வாங்கிய நிலத்தை இன்றைய விலைக்குப் பிறரிடம் கொடுத்தால், இடையே பெருகிய மதிப்பு யாரைச் சேரும்? தொழிற்பேட்டை என்று தொடங்குவது நாளடைவில் மனைப்பிரிவாகவும் கடைவீதியாகவும் மாறாது என்பதற்கு உறுதி என்ன? வரும் வேலைகள் அவ்வூர் மக்களைச் சேருமா, அன்றி ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து அழைத்து வருவோரைச் சேருமா?

ஆலையா வயலா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இவ்வாதம் முடிவுறாது என்பது நம் கருத்து. நிலத்தின் உரிமை எவரிடம் நிற்கும், எந்நிபந்தனையோடு அது பிறர் கைக்குப் போகும் என்பதே முதலில் தீர வேண்டிய வினா. இதற்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர் ஆலைகளின் வரலாறே போதும்.

மூடிய ஆலைகள் சொல்வது

ரோடியர் ஆலை என்று முதியோர் இன்றும் அழைக்கும் ஏ.எப்.டி. ஆலை 1898-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனோடு சுதேசி, பாரதி ஆலைகளும் சேர்ந்து, புதுவையை நூலுக்கும் துணிக்கும் பெயர் பெற்ற ஊராக்கின. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு 12 ஆலைத் தொழிலாளர் பலியாயினர் என்பதையும், எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அவர்கள் குருதியின் விலை என்பதையும் நம் அங்கத்தினர் அறிவர். 1980-களின் நடுவே ஏ.எப்.டி. அரசுடைமையாயிற்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயல் அதனைப் பெரிதும் சிதைத்தது. 2020-ஆம் ஆண்டில் மூன்று ஆலைகளுமே மூடப்பெற்றன.

ஆலைகள் நின்றன, நிலம் நின்றுவிடவில்லை. நிலம் அரசின் கையில் இருந்தமையால், அது பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 2024-ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்கும் பணி நடந்தபோது, ஏ.எப்.டி. மைதானமே தற்காலிகப் பேருந்து நிலையமாக உதவிற்று. நகரின் நடுவே அத்தகைய திறந்தவெளி ஒன்று எஞ்சியிராவிடில், பேருந்துகள் எங்கே நின்றிருக்கும்?

ஆலைக்கு ஆயுள் உண்டு. அது ஐம்பது ஆண்டாக இருக்கலாம், நூறாண்டாகவும் இருக்கலாம். நிலத்துக்கு ஆயுள் எல்லை இல்லை. ஆகையால் ஆயுள் குறைந்த ஒன்றுக்காக ஆயுள் அற்ற ஒன்றை அறுதியாக விற்றுவிடலாகாது. குத்தகைக்கு விடலாம்; விற்கலாகாது. இதுவே மூடிய ஆலைகள் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

நெசவாளர்க்கு இதில் தனி அனுபவமும் உண்டு. தறி வீட்டினுள் இருந்தாலும், பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க நீண்ட தெரு வேண்டும். விடியற்காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாவு விரிந்து கிடந்த நாட்களை நம் பெரியோர் மறந்திரார். தெரு குறுகி வண்டிகள் பெருகியபோது, அவ்வேலைக்கு இடம் இல்லாமற் போயிற்று. தெருவெளி ஒருவருக்கும் சொந்தமன்று என்று நாம் எண்ணியிருந்தோம். அது போன பின்னரே, அது நம் தொழிற்கருவிகளுள் ஒன்றாக இருந்தது தெரிந்தது.

நீரின் கணக்கு

நிலத்தின் விலையைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் நீரின் விலையைக் கணக்கிடுவதில்லை. புதுவை மக்கள் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீரே. மிகுதியாக இறைத்ததனால் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உவர் நீர் உட்புகுந்துள்ளது. கரசூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஊசுட்டேரி, புதுவையின் ஏரிகளுள் மிகப் பெரியது. 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. வெட்டவெளியில் பெய்யும் மழை மெல்ல மண்ணுள் இறங்குகின்றது; சிமெண்டுத் தளத்தில் பெய்யும் மழை வாய்க்காலைத் தேடி ஓடுகின்றது. எவ்வளவு நிலம் மூடப்படும், எவ்வளவு நீர் இறைக்கப்படும், கழிவு நீர் எங்கே செல்லும் என்னும் மூன்றுக்கும் விடை கிடைக்காமல், எந்த ஆலைக்கும் அனுமதி வழங்கலாகாது. சாயமும் மருந்தும் போன்ற நீர் மிகுதியாக வேண்டும் தொழில்களில் இவ்விசாரணை இன்னும் கடுமையாக இருத்தல் வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுவைப் பிரதேசம் ஒரே துண்டாக அமையாமல், தமிழ்நாட்டுக் கிராமங்களோடு இடையிட்டுக் கிடக்கின்றது. வரைபடத்தில் எல்லைக்கோடு உண்டு; நிலத்தடி நீருக்கு அக்கோடு தெரியாது. ஒரு பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கினால், மறுபக்கத்து உழவனின் கிணறும் வற்றும்.

நீரைக் கூடிக் காக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், ஆயக்கட்டு உழவர்கள் பொதுநிதி அமைத்து ஏரிகளைப் பேணிய முறை இங்கே இருந்தது. 1999-ஆம் ஆண்டில் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு நடந்த ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில், புதுவையின் 84 ஏரிகளுக்கும் உழவர் சங்கங்கள் அமைக்கப்பெற்றன. கூடிப் பேசினால் நீர் நிற்கும் என்பதற்கு இவை சான்று.

பிற ஊர்களின் படிப்பினை

மேற்கு வங்கத்துச் சிங்கூரில், கார்த் தொழிற்சாலைக்கென 2006-ஆம் ஆண்டில் 997 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. கிளர்ச்சியினால் ஆலை இடம் பெயர்ந்தது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அந்நிலத்தை உழவர்க்கே திருப்பித் தரும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின் கட்டடமும் சாலையும் எழுந்த மண் எளிதில் வயலாக மாறவில்லை. காலந்தாழ்ந்த நீதி கையில் நிலத்தைத் தந்தது. விளைச்சலை உடனே தரவில்லை.

மகாராஷ்டிரத்துப் புனே நகரின் அருகே, மகர்பட்டா என்னும் இடத்தில் வேறு வழி காணப்பட்டது. நகரம் தம் வயல்களை நெருங்கி வருவதைக் கண்ட ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள், தனித்தனியே விற்காமல், 400 ஏக்கர் அளவான நிலத்தை ஒன்றாக்கித் தாமே ஒரு கம்பெனி அமைத்தன. அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு வழங்கப்பட்டது. அங்கே எழுந்த நகரியத்தின் வருவாயில் அவர்கள் பங்குதாரராயினர். அவர்கள் வசதி படைத்த உழவர்; ஒருவர்க்கொருவர் உறவினர்; நிலமும் அவர்கள் கையிலேயே இருந்தது. ஆகையால் அம்முறையைக் கரசூரில் அப்படியே பெயர்த்து நட இயலாது. எனினும் அதன் வேர் கூட்டுறவின் வேரே: நிலத்தைத் தந்தவன் விற்றவனாக ஒதுங்காமல், பங்குடையவனாக நிற்றல்.

நாம் வேண்டுவன

2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், அச்சட்டத்தின்கீழ் எடுக்கப்பெற்ற நிலம் ஐந்தாண்டு பயன்படாதிருந்தால் உரியவரிடமோ, அரசின் நில வங்கியிடமோ சேர வேண்டும் என்கிறது. கரசூர் நிலம் அதற்கு முன்னரே எடுக்கப்பெற்றது; எழுத்தளவில் அவ்விதி அதனைக் காக்காமற் போகலாம். அவ்விதியின் அறம் எக்காலத்துக்கும் பொருந்துவதே. ஆகவே நாம் வேண்டுவன நான்கு.

முதலாவது, நிலம் அறுதியாக விற்கப்படலாகாது. காலவரையறையோடு குத்தகைக்கே விடப்படல் வேண்டும். குறித்த காலத்துள் தொழில் தொடங்காதவரிடமிருந்து தாமதமின்றித் திரும்பப் பெறல் வேண்டும்.

இரண்டாவது, குத்தகை வருவாயில் ஒரு பகுதி, நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும், அந்நிலத்தில் உழைத்த கூலியாளர் குடும்பங்களுக்கும் ஆண்டுதோறும் சேர வேண்டும். வேலையிலும் அவர்கட்கு முதலிடம் வேண்டும்.

மூன்றாவது, நீர்க்கணக்கு முன்கூட்டியே தமிழில் வெளியிடப்பட்டு, ஊரார் முன்னிலையில் விவாதிக்கப்படல் வேண்டும்.

நான்காவது, மனைகளுள் சிலவேனும் கூட்டுறவு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். நெல்லைப் பதப்படுத்தவும், காய்கறியைக் குளிரில் வைத்துக் காக்கவும், கைத்தறித் துணிக்கு இறுதி மெருகு தரவும் நமக்கு இடம் இல்லை என்பது பழைய குறை. பெருந்தொழிலுக்குச் சலுகை உண்டெனில், சிறியோர் கூடி நடத்தும் தொழிலுக்கும் அது உண்டாகட்டும்.

இவற்றை யார் எடுத்துரைப்பது? ஊராட்சி மன்றங்கள் உரைக்கலாம் என்போம். ஆனால் புதுவையில் 1968-ஆம் ஆண்டுக்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ஆம் ஆண்டில்தான். அம்மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பின், பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடைபெறவில்லை. ஊர்க்குரிய வாய் அடைபட்டிருக்கும் வேளையில், உறுப்பினர் ஒவ்வொருவரும் சமமாக அமர்ந்து பேசக்கூடிய மன்றம் கூட்டுறவுச் சங்கமே. நூறு காணி உடையானுக்கும் ஒரு வாக்கு. ஒரு தறி உடையானுக்கும் ஒரு வாக்கு.

ஆதலின் அடுத்துவரும் பொதுக்கூட்டங்களில் இப்பொருளை விவாதத்துக்கு எடுத்துத் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புமாறு நம் சங்கங்களை வேண்டுகிறோம். தொழிலை வெறுத்து இவ்வாறு சொல்லவில்லை. தொழில் இன்றி நம் பிள்ளைகட்கு வாழ்வு இல்லை என்பதை நாம் நன்கு அறிவோம். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். கரசூர்த் தேர் பல்லாண்டுகளாக நடுவீதியில் நிற்கின்றது. வடம் பிடிக்க வேண்டியவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தேர் நகரவில்லையே என்று வருந்துவதில் பயன் இல்லை.