ஆசிரியர் வட்டமும் மனவெழுச்சி வளர்ச்சியும்: யப்பானிய வாழ்க்கை எழுத்தியக்கத்தை முன்வைத்து

கல்வியுளவியலாரிடையே ‘சமூக மனவெழுச்சிக் கற்றல்’ என்னும் தொடர் கடந்த முப்பதாண்டுகளிற் பெருவழக்குப் பெற்றுள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலே 1994ஆம் ஆண்டு இக்கற்றலுக்கெனக் கூட்டமைப்பொன்று நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு மனவெழுச்சி நுண்ணறிவு பற்றிய டானியல் கோல்மனின் நூல் வெளிவந்தது. தன்னை அறிதல், தன்னை நெறிப்படுத்தல், பிறரை உணர்தல், உறவு பேணல், பொறுப்புடன் முடிவெடுத்தல் என மாணவருக்காக வகுக்கப்பட்ட ஐந்து திறன்களும் காலப்போக்கில் ஆசிரியருக்கும் வேண்டியனவாகக் கொள்ளப்பட்டன. பற்றீசியா ஜெனிங்ஸ், மார்க் கிறீன்பேர்க் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்திசையிலே முக்கியமானது. மாணவருக்கு இவற்றைக் கற்பிப்பவர் தாமும் கற்க வேண்டும், அதனையும் தனித்திருந்தன்றிச் சக ஆசிரியரோடு கூடிக் கற்க வேண்டும் என்பதே இன்று வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

இக்கருத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆசிரியர் கூடுவது எதன் பொருட்டு என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. ஆர்லி ஹொக்ஷைல்ட் என்னும் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களின் தொழிலை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலிலே, முகமலர்ச்சியும் பொறுமையுங்கூடக் கூலிக்கு விற்கப்படும் உழைப்பாக மாறுவதைக் காட்டினார். வேலை நேரமும் வேதனமும் மேலதிகாரியின் கெடுபிடியும் இருந்தவாறே இருக்க, ஆசிரியர் தம் களைப்பைத் தாமே ஆற்றிக்கொள்ளப் பயிற்றப்படுவாராயின், அவர் மேற்கொள்வதும் இவ்வுழைப்பின் இன்னொரு வடிவமே. மூச்சுப் பயிற்சியால் மனம் சற்று அமைதியடையலாம். அமைதியின்மையின் காரணம் அவ்வாறே இருக்கும்.

ஆசிரியர் குழுக்கள் வேறொரு வகையிலும் தோன்றியதுண்டு. இத்தொடர் வழக்கிற்கு வருவதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்னரே யப்பானில் உருவான ‘செய்க்கட்சு துசுரிகத்தா’, அதாவது ‘வாழ்க்கை எழுத்து’ என்னும் ஆசிரியர் இயக்கம் இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது.

யப்பானிய அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பப் பாடசாலைப் பாடநூல்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எழுத்துப் பயிற்சி என்னும் கட்டுரைப் பாடத்திற்கு மாத்திரம் அரச பாடநூல் இருக்கவில்லை. இச்சிறு இடைவெளியே இயக்கத்தின் விளைநிலமாயிற்று. 1918இல் சுசுகி மியெகிச்சி தொடக்கிய ‘அகாய் தொரி’ என்னும் சஞ்சிகை சிறுவரின் எழுத்துக்களை வெளியிட்டு, கண்டதைக் கண்டவாறு எழுதும் முறையை ஊக்குவித்தது. எனினும் அது பெரிதும் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் கண்ணோட்டத்துக்குள் நின்றது. வடகிழக்கிலுள்ள தொஹொக்குப் பிராந்தியத்தின் கிராம ஆசிரியருக்கு அது போதவில்லை. 1929ஆம் ஆண்டு உலகப் பொருளாதார நெருக்கடியும், 1931இலும் 1934இலும் நேர்ந்த விளைச்சற் பாதிப்பும் அக்கிராமங்களை நிலைகுலைத்தன. பெண்பிள்ளைகள் விற்கப்பட்டனர்; மதிய உணவின்றிப் பிள்ளைகள் வகுப்பிலிருந்தனர்; பல கிராமங்களில் ஆசிரியரின் சம்பளமே உரிய காலத்திற் கொடுக்கப்படவில்லை. மாணவனின் வறுமை ஆசிரியனுக்கு இரக்கத்துக்குரிய தூரத்துப் பொருளாக அன்றித் தன் வீட்டு வாசலிலும் நின்ற ஒன்றாக இருந்தது.

1929இல் அக்கித்தாவிலே நரித்தா ததாஹிசா என்பவர் ‘வடபுலக் கல்விக் கழகம்’ என்னும் அமைப்பை ஆசிரியர் சிலரோடு தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு அதன் சஞ்சிகை வெளிவந்தது. 1934இல் வடபகுதி மாவட்டங்கள் பலவற்றின் ஆசிரியர்கள் ஓர் ஒன்றியமாக இணைந்தனர். இவர்களது செயன்முறை மிக எளிமையானது. மாணவர் எழுதியவற்றை ஆசிரியர் இரவில் மெழுகுத்தாளிற் கீறி, மையுருட்டிப் பிரதியெடுத்து, வகுப்புத் தொகுப்பாகக் கட்டுவார். எம்மவர் அறிந்த ‘ரோனியோ’ப் பிரதி போன்றதே அதுவும். அத்தொகுப்பு அவ்வகுப்பிலே வாசிக்கப்பட்டதோடு நில்லாது, தபால் மூலம் வேறூர் ஆசிரியருக்கும் சென்றது. அவர்கள் தம் தொகுப்பைப் பதிலாக அனுப்பினர். சஞ்சிகையிலும் கூட்டங்களிலும் ஒரு பிள்ளையின் ஒரு பக்க எழுத்தைப் பலர் சேர்ந்து ஆராய்ந்தனர்.

இங்குக் கவனிக்க வேண்டியது, இவ்வாசிரியர்கள் தம் உணர்வுகளைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடவில்லை என்பதாகும். பிள்ளையின் எழுத்தே நடுவில் இருந்தது. வயலுக்குப் போன தாய் திரும்பாத வேளையில் அழும் தம்பியைத் தேற்றும் ஒரு பிள்ளையின் எழுத்தை வாசிக்கும் ஆசிரியர், நடையழகை மாத்திரம் பாராட்டி நிற்க முடியாது. தாய் ஏன் இருட்டும் வரை வயலில் நிற்கிறாள்? இப்பிள்ளையை நேற்று வீட்டுவேலை செய்யாததற்காக நான் தண்டித்தேனா? இவ்வாறான வினாக்கள் ஆசிரியரின் அகத்தைத் தொடுகின்றன. ஆயினும் அவற்றின் விடை அகத்தில் இல்லை. சக ஆசிரியர் முன்னிலையில் ‘எனக்குத் தெரியவில்லை’ எனக் கூறும் துணிவு இவ்வாறே பிறக்கின்றது. (நமது பாடசாலைகளில் ‘கிழிந்த குடையின் சுயசரிதை’ எழுதுவித்துத் திருத்தியே பழகிய நம்மில் எத்தனை பேருக்கு இவ்வாய்ப்புக் கிட்டியது?)

அரசு இதன் பொருளை நன்கு விளங்கிக்கொண்டது. 1940ஆம் ஆண்டு தொடக்கம் யமகத்தா, ஹொக்கைதோ முதலிய இடங்களில் இவ்வியக்கத்து ஆசிரியர்கள் 1925ஆம் ஆண்டுச் சட்டமாகிய அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டனர். வறுமையை உள்ளவாறு எழுதச் சொல்வதே வர்க்க உணர்வை ஊட்டுவதெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஹொக்கைதோக் கைதுகளை மியூரா அயாக்கோ என்னும் நாவலாசிரியை 1994இல் நூலாக வந்த ‘ஜூக்கோ’ (துப்பாக்கி வாய்) என்னும் நாவலிற் பொருளாக்கியுள்ளார். எழுத்துப் பயிற்சி முற்றாக மறைந்துவிடவில்லை. போர்முனைப் படைவீரருக்கு ஆறுதற் கடிதம் எழுதும் பயிற்சியாக அது மாற்றப்பட்டது. பிள்ளையின் உணர்ச்சியும் ஆசிரியரின் கைத்திறனும் அங்கும் தேவைப்பட்டன. ஆகவே உணர்வைப் பகிரும் குழு தன்னியல்பாலேயே முற்போக்கானது எனக் கருதுவது பிழையாகும்.

போருக்குப் பின்னர் இயக்கம் மீண்டும் தலையெடுத்தது. 1948இல் யமகத்தாவின் மலைக் கிராமமொன்றின் கனிட்ட இடைநிலைப் பாடசாலைக்கு வந்த இளம் ஆசிரியர் முச்சாக்கு செய்க்கியோ, புதிய சமூகக்கல்விப் பாடநூலைப் பிரித்தபோது திகைத்தார். கிராமங்கள் கல்விக்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுப்பதாக அந்நூல் கூறிற்று. அவரது பாடசாலையோ ஒழுகும் கூரையோடும் வரைபடமின்றியும் இருந்தது. முன்னைய இயக்கத்தைச் சேர்ந்த மூத்த ஆசிரியரின் துணையோடு அவர் எழுத்தை நாடினார். நாற்பதுக்கு மேற்பட்ட மாணவரின் எழுத்துக்கள் 1951இல் ‘யமபிக்கோ கக்கோ’ (எதிரொலிப் பாடசாலை) என நூலாயின; 1952இல் இமாய் ததாஷி அதனைத் திரைப்படமாக்கினார்.

அந்நூலிலே, தாயை இழந்த ஒரு மாணவனின் கட்டுரை பலராலும் பேசப்படுவது. அவன் துயரத்தை எழுதியதோடு நில்லாது, வீட்டின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றைக் கணக்கிட்டு, தாய் அத்தனை உழைத்தும் ஏன் கடன் தீரவில்லை எனக் கேட்கின்றான். வேலைகளால் அவன் பாடசாலைக்கு வரமுடியாதிருப்பதை அறிந்த ஆசிரியரும் வகுப்புத் தோழரும் அவ்வேலைகளைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிட்டனர். பிறரை உணர்தல் என இன்று பட்டியலிடப்படும் திறன் இங்கே விறகு சுமக்கும் வேலையாகின்றது.

ஆயின் வரலாறு இவ்வளவோடு இனிதாக நிறைவுறவில்லை. தம் வறுமை நாடறிய அச்சேறியதைக் கிராமத்தவர் பலர் அவமானமாகக் கருதினர். முச்சாக்கு 1954இல் ஊரை விட்டுச் சென்றார். அவரை வெறுமனே வீரராகவோ குற்றவாளியாகவோ சித்திரிப்பது பயனற்றது. ஆசிரியரும் மாணவரும் வட்டமாக அமர்ந்தனர். அவ்வட்டத்திற் பெற்றோருக்கு இடம் இருக்கவில்லை. எழுதப்பட்ட வாழ்க்கை அவர்களுடையதாகவும் இருந்தது என்பது உரிய அளவிற் கருதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இன்றைய யப்பானிய ஆசிரியரின் நிலையையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2018இல் நடத்திய ஆய்வின்படி, கனிட்ட இடைநிலை ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தனர். ஆய்வுக்குட்பட்ட நாடுகளில் அதுவே மிகக் கூடியது. மேலதிக நேரக் கொடுப்பனவுக்குப் பதிலாகச் சம்பளத்தின் 4 வீதத்தை வழங்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதனைப் படிப்படியாக 10 வீதமாக உயர்த்துவதற்கு 2025இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. உயர்வது கொடுப்பனவு, ஒரு பிள்ளையின் ஒரு பக்க எழுத்தை நால்வர் கூடி வாசிப்பதற்கான மாலைப்பொழுதை அத்தொகை தானாகவே மீட்டுத் தரப்போவதில்லை. தொஹொக்கு ஆசிரியர் அம்மாலைப்பொழுதை எவரிடமும் அனுமதி கேளாது எடுத்துக்கொண்டனர்.