ஒரு வழி அடைபட்டால் மறு வழி

அலவத்துகொடையில் நாங்கள் நடத்திவரும் மாதர் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, சிறு கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு எங்கே தொடங்கினாலும், இப்போதெல்லாம் கடைசியில் கைத்தொலைபேசியில்தான் வந்து நிற்கிறது. அப்படியொரு கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "மிஸ், இன்டர்நெட் இன்டர்நெட் என்கிறார்களே, அது எங்கேதான் இருக்கிறது?"

"டவரில்" என்றார் பக்கத்திலிருந்தவர். "இல்லை, வானத்தில் சட்டலைட்டில்" என்றார் இன்னொருவர். "கார்ட் போட்டால் போனுக்குள் வருகிறது, போடாவிட்டால் போய்விடுகிறது" என்றார் மூன்றாமவர். எல்லோரும் சிரித்தோம். ஆனால், அந்தத் தாயின் கேள்வி சிரித்துவிட்டுப் போகக் கூடியதல்ல. தினமும் பயன்படுத்தும் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். அத்தோடு, தோழமையைப் பற்றியும் அதில் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது.

கடலுக்கு அடியில் ஒரு பாதை

அலவத்துகொடையிலிருந்து ஒரு தாய், தோஹாவில் வேலை செய்யும் மகளுக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசி முதலில் அவருடைய குரலை எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் வானொலி அலையாக அருகிலுள்ள கோபுரத்தை அடைகின்றன. அங்கிருந்து பெரும்பாலும் நிலத்துக்கடியிலோ கம்பங்கள் வழியாகவோ செல்லும் கண்ணாடி இழைக் கம்பி வழியாகக் கொழும்பை நோக்கிப் போகின்றன. தலைமயிர் அளவே மெல்லியது அந்த இழை. அதற்குள் செய்தி வெளிச்சத் துடிப்புகளாக, செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது.

கடல் கடப்பதற்கும் பெரும்பாலும் சட்டலைட் பயன்படுவதில்லை. நாடுகளுக்கிடையிலான தகவலில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள்கள் வழியாகவே போகிறது. தென்கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா ஆகியவற்றை இணைக்கும் கேபிள் வரிசையில் நான்காவது, 2005 முதல் கொழும்பில் கரையேறுகிறது. 2016இன் இறுதியில் முடிக்கப்பட்ட ஐந்தாவது கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. ஆழ்கடலில் இக்கேபிளின் பருமன், பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான்.

தாயின் செய்தி நேரே மகளின் தொலைபேசிக்குப் போவதில்லை. முதலில் அந்த நிறுவனத்தின் பெரிய கணினிகளுக்குப் போய், அங்கிருந்துதான் மகளைத் தேடிப் போகிறது. மகளின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தால் செய்தி அங்கே காத்திருக்கும். நிறுவனத்தின் கணினியை அடைந்தால் ஒரு 'சரி' அடையாளம். மகளின் தொலைபேசியை அடைந்தால் இரண்டு.

இத்தனை பெரிய ஏற்பாடும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கலாம் என்பதை 2004 ஆகஸ்டில் கண்டோம். கொழும்புத் துறைமுகத்துக்கருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியதில், நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டு அழைப்புகளும் பெரிதும் பாதிக்கப்பட்டன. அந்நாளில் மாற்றுப் பாதைகள் குறைவாக இருந்ததே காரணம். பின்னர் கேபிள்கள் கூடின. ஒரே பாதையை நம்பியிருப்பது ஆபத்து என்பதே அதன் பாடம்.

துண்டு துண்டாகப் போகும் கடிதம்

இணையத்தின் சூட்சுமம் கேபிளில் மட்டும் இல்லை. செய்தியை அனுப்பும் முறையிலும் இருக்கிறது. நீண்ட கடிதமொன்றை நூறு தபாலட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் முகவரியையும் வரிசை எண்ணையும் போட்டு அனுப்பினால் எப்படியிருக்கும்? இணையம் அதைத்தான் செய்கிறது. எல்லா அட்டைகளும் ஒரே வழியில் போக வேண்டுமென்பதில்லை. எந்த வழியில் வந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் எண்களைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊராருக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகரம் தண்ணீரில் மூழ்கும் நாட்களில், கண்டிக்குப் போக வேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. அங்கும்புர, பூஜாப்பிட்டிய பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். நேரம் கூடும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

1964இல் அமெரிக்கப் பொறியியலாளர் போல் பரான் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். எல்லாக் கம்பிகளும் ஒரே மையத்தில் கூடும் அமைப்பில், மையம் அழிந்தால் எல்லாம் அழிந்துவிடும். மீன்வலை போல ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகளோடு பின்னப்பட்டிருந்தால், பல முடிச்சுகள் அறுந்தாலும் எஞ்சியவை பேசிக்கொள்ளும். அதற்குக் கணக்கற்ற கம்பிகளும் தேவையில்லை. ஆகக் குறைந்த தேவையைப் போல மூன்று மடங்கு இருந்தாலே வலை மிகவும் உறுதியாகிவிடும் என்றார் அவர். வெவ்வேறு வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளை வின்ட் சேர்ஃப், பொப் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டார்கள். இன்றைய இணையம் அந்த அடித்தளத்தில் எழுந்ததுதான்.

அந்த விதிகளைப் படித்தபோது, இதை எழுதியவர்கள் நட்பைப் பற்றியும் யோசித்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன், "பேசலாமா?" என்று ஒன்று கேட்கும். "பேசலாம், நான் சொல்வது உனக்குக் கேட்கிறதா?" என்று மற்றது கேட்கும். "கேட்கிறது" என்று முதலாவது சொன்ன பிறகுதான் விஷயம் தொடங்கும். அனுப்பியது கிடைத்ததென்று பதில் வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய கணினி கோபித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்புகிறது. அதற்கும் பதிலில்லையென்றால், இன்னும் கூடுதலாகப் பொறுத்து அனுப்புகிறது. பாதை நெரிசலாயிருக்கும்போது தானும் அள்ளிக் கொட்டி நெரிசலைக் கூட்டாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

நாங்களோ நீல நிற 'சரி' அடையாளம் விழுந்தும் பதில் வரவில்லையே என்று இரண்டு வாரம் முகம் திருப்பிக்கொள்கிறோம்! மறுபுறத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், கார்ட் முடிந்திருக்கலாம், பதில் சொல்ல மனமில்லாத ஒரு துயரமும் இருக்கலாம். பதில் வராததை அவமதிப்பாக எடுக்காமல், பொறுத்திருந்து மறுபடி ஒருமுறை கேட்பது நல்ல தோழியின் இலட்சணம்.

தூரத்துத் தோழியின் பெறுமதி

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் என் மனதில் பதிந்த ஆய்வுகளில் ஒன்று, மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியது. நெருங்கிய தோழிகளுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எங்களுக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் எல்லோரும் ஒரே வட்டத்தில் இருக்கிறோம். புதிய செய்தி, புதிய வேலை வாய்ப்பு போன்றவை அடிக்கடி வருவது, எப்போதாவது பேசுகிற தூரத்து அறிமுகங்கள் மூலமாகத்தான் என்று அவர் காட்டினார். அவர்கள் இரண்டு வட்டங்களுக்கிடையே பாலமாக நிற்கிறார்கள். பரான் கம்பிகளைப் பற்றிச் சொன்னதை இவர் மனிதர்களைப் பற்றிச் சொன்னார் என்றே எனக்குப்படுகிறது.

உங்கள் தோழிகளின் பட்டியலை மனதில் எடுத்துப் பாருங்கள், சகோதரிகளே. எல்லோரும் ஒரே தெருவா, ஒரே மொழியா, ஒரே சமூகமா? அப்படியானால் எங்கள் வலையில் ஒரே ஒரு மையம்தான் இருக்கிறது. அதன் ஆபத்தை 2018இல் நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

2018 மார்ச்

அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஓர் உணவகத்தில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகச் சொல்லும் காணொளியொன்று பேஸ்புக்கில் பரவியது. உணவிலிருந்தது வெறும் மாவுக் கட்டிதான் என்பது அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆனால், உண்மை வந்து சேருமுன் பொய் ஊர் சுற்றிவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகனை, தெல்தெனிய பக்கம் மூண்ட வன்செயல் அக்குறணை வரை வந்தது. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. 7ஆம் திகதி முதல் சுமார் ஒரு வாரத்துக்கு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன தடுக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணைய வசதியும் மட்டுப்படுத்தப்பட்டது. வன்செயலில் தமது தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

இணையத்தின் இன்னொரு தன்மை இங்கே விளங்குகிறது. வலை, தபாற்காரரைப் போன்றது. கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. அட்டை பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கும், அதில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்காது. வலையின் மேல் கடை விரித்திருக்கும் நிறுவனங்களோ, எது அதிகம் பேரைச் சுண்டியிழுக்கிறதோ அதையே மேலும் பலருக்குக் காட்டுகின்றன. ஆகவே உண்மையைச் சோதிக்கும் பொறுப்பு இரு முனைகளிலும் இருக்கும் மனிதர்களுடையது. வலைக்குள் நுழையும் கதவையே பூட்டிவிட்டால் மாற்றுப் பாதைகள் இருந்தும் பலனில்லை என்பதும் அந்த வாரத்தில் தெரிந்தது. பொய் அதற்கு முன்பே வாயிலிருந்து வாய்க்கு இறங்கிவிட்டிருந்தது.

அந்த நாட்களில் ஊரடங்குக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். சாதாரண அழைப்புகள் மட்டும் வேலை செய்தன. என்னோடு படித்த ஒரு சிங்களத் தோழி மாத்தளைப் பக்கக் கிராமமொன்றிலிருந்து கோல் எடுத்தாள். நாங்கள் அடிக்கடி பேசுபவர்கள் அல்ல. வெசாக்குக்கு நான் எடுப்பேன், பெருநாளைக்கு அவள் எடுப்பாள், அவ்வளவுதான்.

"உங்கள் ஊர் ஆட்கள் கூட்டமாகப் புறப்பட்டு இந்தப் பக்கம் வருகிறார்களாம் என்று இங்கே கதைக்கிறார்கள். உண்மையா?" என்று நேரடியாகக் கேட்டாள்.

"பொய். பிள்ளைகளைக் கட்டில் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு விழித்திருக்கிறோம். நீங்கள் வருகிறீர்களாம் என்றுதான் இங்கே கதை" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கும் அப்படித்தான், எல்லோரும் வீட்டுக்குள் பயந்துபோய் இருக்கிறோம்" என்றாள். நான் சொன்னதைத் தன் வீட்டிலும் அயலிலும் சொன்னாள். அவள் சொன்னதை நான் எங்கள் வீட்டிலும் அயலிலும் சொன்னேன். அந்த ஓர் அழைப்பால் எதுவும் தடுக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், இரண்டு தெருக்களில் அந்தக் கதை அன்றிரவோடு நின்றது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அன்று கொஞ்சம் தூங்கினார்கள்.

தேடித் தந்த வானொலி

தெரிந்த ஒருவர் விசாரித்துச் சொல்லும் இந்த வழி, எங்கள் மலைநாட்டுக்குப் புதிதல்ல. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணைய இணைப்பைப் பெற்றது. கணினியைக் கண்ணாலும் காணாத கிராமத்தவர்கள் தங்கள் கேள்விகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, துறை தெரிந்தவர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு, விளங்கும் மொழியில் வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் இணையத்தைப் பார்க்க வசதி செய்யப்பட்டது. உலகின் பல நாடுகளில் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

கண்டதை அப்படியே அஞ்சல் செய்வதல்ல அவர்கள் செய்தது. தேடினார்கள், தெரிந்தவரிடம் கேட்டார்கள், அதன் பிறகே சொன்னார்கள். ஒவ்வொரு மாதர் குழுவிலும் அப்படி ஒரு சகோதரி இருந்தால் போதும். கிராம உத்தியோகத்தரையும், குடும்பநல உத்தியோகத்தரையும், பாடசாலை அதிபரையும் ஒரு கோலில் கேட்கக்கூடியவர். "பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லக்கூடியவர்.

நாம் செய்யக்கூடியவை

மனதைப் பதறவைக்கும் செய்தியொன்று வந்தால், அது எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊரில் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள். அப்படி ஒருவருமில்லையென்றால், அனுப்பாமல் வைத்திருங்கள்.

முக்கியமானவர்களின் இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு கொப்பியிலும் எழுதிவையுங்கள். வட்ஸ்அப் இல்லாத நாளிலும் சாதாரண அழைப்பு போகும்.

பிற மொழி பேசும் தோழியொருத்தியின் தொடர்பை அறுந்துபோக விடாதீர்கள். பாடசாலைத் தோழியாக இருக்கலாம், கிளினிக்கில் பழகியவராக இருக்கலாம், சந்தையில் மரக்கறி விற்பவராகவும் இருக்கலாம். வருடத்தில் இரண்டு அழைப்புகள் போதும். ஆனால், கலவரம் வந்த பிறகு அந்தக் கம்பியை இழுக்க முடியாது. அமைதியான நாளிலேயே இழுத்து வைக்க வேண்டும்.

கேபிள் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கடலுக்கடியில் இரண்டாவது பாதை போடுகின்றன. எங்களுக்கு அதற்கு ஆகும் செலவு ஐந்து நிமிடப் பேச்சுதான்.