உட்காரும் நேரமும் பித்தப்பைக் கல்லும்

பித்தப்பையில் கல் என்றதும் பழி முதலில் எண்ணெய்ப் பலகாரத்தின் மீதும் உடல் பருமன் மீதும்தான் விழும். 1999-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, நாற்காலியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வில் பங்கேற்றவர்களில், 40 முதல் 65 வயது வரையிலான 60,290 பெண்களை 1986 முதல் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். 3,257 பேர் பித்தப்பையை அறுவை செய்து அகற்ற வேண்டிவந்தது. ஓய்வு நேரத்தில் மிக அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, மிகக் குறைவாகச் செய்தவர்களைவிட அந்த வாய்ப்பு 31% குறைவாக இருந்தது. உடல் எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரப் பயிற்சியே ஆபத்தைச் சுமார் 20% குறைக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

மறுபக்கம், வேலையிலும் கார் ஓட்டுவதிலுமாக வாரத்தில் 60 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்த பெண்களுக்கு ஆபத்து இரு மடங்கையும் தாண்டியது.

காரணம் பித்தநீரில் இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைப் பித்தப்பை சேமித்து வைத்து, சாப்பிட்டதும் சுருங்கிக் குடலுக்கு அனுப்புகிறது. அதில் கொலஸ்ட்ரால் கரையும் அளவை மீறினால், முற்றிய பாகில் சர்க்கரை பூப்பதுபோலப் படிகங்கள் உருவாகும்; பை சரியாகக் காலியாகாவிட்டால் அவை தங்கிக் கல்லாக வளரும். உடல் உழைப்பு இன்சுலினின் வேலையைச் சீராக்குகிறது, ட்ரைகிளிசரைடைக் குறைக்கிறது, குடலின் அசைவையும் தூண்டுகிறது.

பெண்களுக்கு ஹார்மோனும் ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். மாதவிடாய் நின்ற பிறகு அதன் சுரப்பு குறைந்தாலும், வயது ஏற ஏற ஆபத்து கூடவே செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்குப் பித்தப்பை நோய் அதிகரிப்பதை, 2005-இல் வெளியான ‘பெண்கள் நல முனைப்பு’ ஆய்வின் முடிவுகள் காட்டின.

செவிலியர் ஆய்வு, வாழ்க்கைமுறையைக் கவனித்துச் செய்யப்பட்டது. ஆகவே அது காட்டுவது தொடர்பை மட்டுமே. ஏற்கெனவே உருவான கல்லை நடைப்பயிற்சி கரைத்துவிடாது. பட்டினி கிடந்து அவசரமாக எடை குறைத்தால் புதிதாகக் கல் உருவாகும் ஆபத்தும் உண்டு.

கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இராது. அவர்களுக்கு வழக்கமாக அறுவை தேவைப்படாது. ஆனால் வலது மேல்வயிற்றில் மணிக்கணக்கில் நீடிக்கும் வலி, அதோடு காய்ச்சல் அல்லது மஞ்சள் காமாலை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.