நைல் நதியில் ஒரு நாள்: அஸ்வான் அணையும் வயல் உப்பும்

எகிப்து நாட்டின் நைல் நதியில் லக்சரிலிருந்து தெற்கே அஸ்வானுக்குச் சுற்றுலாக் கப்பல்கள் போகின்றன. மகன் வற்புறுத்தியதால் நானும் ஒன்றில் ஏறினேன். கடைசி நாள் காலை ஆறு மணிக்குக் கோம் ஓம்போ என்ற ஊரிலிருந்து கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் நாற்காலி போட்டுக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பு, பேரீச்சை, கழுதை முதுகில் தீவனக் கட்டு. பச்சை முடிகிற இடத்திலேயே பாலைவனம் தொடங்கிவிடுகிறது. மழை அங்கே இல்லாத மாதிரிதான். எல்லாம் ஆற்றுத் தண்ணீர்.

அஸ்வானில் இறங்கிப் பேருந்தில் பெரிய அணைக்குப் போனோம். சோவியத் நாட்டு உதவியுடன் 1960-ல் தொடங்கி 1970-ல் முடித்தது. கல்லும் மணலும் கொட்டி, நடுவே களிமண் வைத்துக் கட்டிய மலை என்றே சொல்லலாம். உயரம் 111 மீட்டர், அடி அகலம் 980 மீட்டர். நம் மேட்டூரைப் போல 50 மடங்குக்கும் மேல் தண்ணீர் கொள்ளும். வழிகாட்டி 2,100 மெகாவாட் மின்சாரத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு வண்டல் மேல்தான் நினைப்பு.

அணைக்கு முன் ஆடி வாக்கில் எத்தியோப்பிய மலை மழை வெள்ளமாக வந்து வயல்களில் நிற்கும். வடிந்ததும் அந்த ஈரத்தில் கோதுமை விதைப்பார்கள். இப்போது வண்டல் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. பதிலுக்கு ஆண்டு முழுவதும் பாசனம் உண்டு. 1980-களின் வறட்சியில் எகிப்து தப்பியது இந்த ஏரியால்தான். அதை மறுக்க முடியாது.

வண்டல் போனதால் உர மூட்டை வாங்க வேண்டியதாயிற்று என்பார்கள். பாதி உண்மை. அந்த வண்டலில் தழைச்சத்து குறைவு, பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. என் பார்வையில் பெரிய இழப்பு வேறு. வெள்ளம் மண்ணின் உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அது நின்று, வாய்க்கால் தண்ணீர் ஓயாமல் பாய்ந்ததும் நிலத்தடி நீர் மேலேறி, வயலில் உப்புப் பூத்தது. பிறகு லட்சக்கணக்கான ஏக்கரில் மண்ணுக்கடியில் துளைக் குழாய் பதித்து வடிகால் அமைத்தார்கள்.

"நெல் திட்டுத் திட்டாகக் கருகுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று நம் வாசகர்கள் கேட்பதுண்டு. நேரில் போனால் சில இடங்களில் வடிகால் வாய்க்காலைத் தூர்த்து நடவு செய்திருப்பார்கள்! முதலில் அதை வெட்டிவிடுங்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். களர் என்றால் ஜிப்சம் இட வேண்டும்; உவர் என்றால் நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் இரண்டுமே பலிக்காது.

இரவு கப்பலில் சாப்பாடு பரிமாறிய தம்பி நூபிய இனத்தவர். அவருடைய தாத்தாவின் ஊர் ஏரிக்கு அடியில் இருக்கிறதாம். எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 பேரை 1963-64-ல் கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தினார்கள். காலையில் நான் ரசித்துப் பார்த்த அதே பகுதி. வீடு கொடுத்தார்கள், நிலமும் கொடுத்தார்கள். ஆனால் வாசலில் நின்றால் ஆறு தெரியவில்லை என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.