பாரசீகக் கவிதையில் தமாவந்து மலை

பாரசீகக் கவிதையில் மலை நெடுங்காலமாகக் குறியீடாக ஆளப்பட்டு வருகிறது. டெஹ்ரானுக்கு வடகிழக்கே அமைந்த தமாவந்து எரிமலை இதற்குச் சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 1010இல் நிறைவுற்ற பிர்தௌசியின் 'ஷாநாமா'வில், கொடுங்கோலன் சஹ்ஹாக்கைப் பரீதூன் இம்மலைக் குகையில் விலங்கிட்டு அடைக்கிறான். ஈண்டு மலை, தீமையை அடக்கும் சிறை. 1922இல் பஹார் இயற்றிய 'தமாவந்தியா'விலோ மலையே விலங்கிடப்பட்ட பூதமாகிறது. அநீதியின்மேல் நெருப்பை உமிழுமாறு கவிஞர் அதனைத் தூண்டுகிறார். சிறையாக நின்றது சிறைப்பட்டதாக மாறியமையே இக்குறியீட்டின் வளர்ச்சி.

ஆகவே, மொழிபெயர்ப்பாளர் தமாவந்தினைப் பொதுப்பட 'மலை' என்றோ 'சிகரம்' என்றோ பெயர்த்தல் பொருந்தாது. பெயர் மறையின் பழங்கதையின் நினைவும் மறையும். பஹாரின் சினம் வெற்று முழக்கமாக எஞ்சும். பெயரை ஒலிபெயர்த்துக் கதையை அடிக்குறிப்பில் சுட்டுதலே தக்க நெறியாகும்.