மெயில் போச்சு... ஆனா போய்ச் சேரலையே!

ஒரு சின்னக் கற்பனை. மங்களூர்ல உங்க வீடு. தினமும் பஸ் ஏறி விருத்தாசலம் வந்து செராமிக் டெக்னாலஜி படிக்கிறீங்க. சித்தப்பா பீங்கான் பொம்மை, அகல் விளக்கு பட்டறை வெச்சிருக்கார். 'நீதான் கம்ப்யூட்டர்ல கில்லாடியாச்சே, நமக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுப்பா'ன்னு கேக்கறார். இருக்கறதுலயே மலிவான ஹோஸ்டிங் வாங்கி, பட்டறை பேர்லயே மெயில் முகவரியும் ஏற்பாடு பண்ணிட்டீங்க.

கார்த்திகைக்கு முன்னாடி வெளியூர் கடைக்காரர் ஒருத்தர் 2,000 விளக்குக்கு விலை கேக்கறார். அன்னிக்கே கொட்டேஷன் அனுப்பறீங்க. பதிலே காணோம். ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணா, 'உங்க மெயில் வரவே இல்லையே தம்பி, வேற ஊர்ல ஆர்டர் குடுத்துட்டேனே!'ங்கறார். மெயில் பத்திரமா அவரோட ஸ்பாம் பெட்டியில தூங்கிட்டிருக்கு!

உடனே உங்க மூளைக்கு என்ன தோணும்? 'சர்வர் டப்பா. பெருசா மாத்திடுவோம்!' கொஞ்சம் பொறுங்க பாஸ். காசைக் கொட்டறதுக்கு முன்னாடி மேட்டரைப் புரிஞ்சுக்கோங்க.

மெயில் அனுப்பற எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-ல வந்தது. அனுப்பறவர் யாருன்னு அது சோதிக்காது. யார் வேணா யார் பேர்ல வேணா கடிதம் போடலாம். அதுக்கும் முன்னாடியே, 1978-ல, அமெரிக்காவில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மெயிலைத் தட்டிவிட்டார். உலகத்தோட முதல் ஸ்பாம்னு அதைத்தான் சொல்றாங்க. அன்னிக்குப் பிடிச்ச தலைவலி! அதனாலதான் இன்னிக்கு மெயிலை வாங்கற பக்கம், 'நீ யாருப்பா, உன்னை எப்படி நம்பறது?'ன்னு கேக்குது.

ஹாஸ்டல் நியாயம்!

மலிவான ஹோஸ்டிங்ல ஒரே சர்வர்ல நூத்துக்கணக்கான சைட்டுங்க குடியிருக்கும். எல்லாருக்கும் ஒரே ஐ.பி. எண். ஹாஸ்டல்ல ஒரு ரூம் பசங்க சேட்டை பண்ணினா மொத்த ஹாஸ்டலுக்கும் கேட் மூடுவாங்களே, அதே கதைதான். பக்கத்து சைட்காரர் ஸ்பாம் அனுப்பினா அந்த ஐ.பி. கறுப்புப் பட்டியல்ல ஏறிடும். உங்க கொட்டேஷனுக்கும் அதே கதிதான்.

பெரிய ஆளுங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. சென்னையில தலைமையிடம் வெச்சிருக்கிற ஜோஹோ நிறுவனத்தோட டொமைனையே 2018 செப்டம்பர் 24-ம் தேதி அதைப் பதிவு செஞ்சு தந்த நிறுவனம் முடக்கிடுச்சு. அந்த மெயில் சேவையைச் சிலபேர் மோசடிக்குப் பயன்படுத்தினதா வந்த புகார்கள்தான் காரணம். ஒண்ணும் அறியாத லட்சக்கணக்கான வாடிக்கையாளருங்க மணிக்கணக்கா தவிச்சாங்க. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்லயே உதவி கேக்க வேண்டியதாச்சு. ஜோஹோகிட்ட சர்வருக்குப் பஞ்சமா என்ன? மத்தவங்க செஞ்ச தப்பு எல்லாரையும் பாதிச்சுது, அவ்வளவுதான்.

சர்வர் மாத்தினா என்ன கிடைக்கும்?

வி.பி.எஸ். மாதிரி தனி சர்வருக்குப் போனா, ராம் கூடுதுங்கறது இங்க முக்கியமே இல்லை. உங்களுக்குன்னு தனி ஐ.பி. கிடைக்கும். அடையாளச் சீட்டு எல்லாத்தையும் நீங்களே எழுதிக்கலாம். ஆனா எழுதணும்! நாலு வேலை:

1. ரிவர்ஸ் டி.என்.எஸ்.: 'இந்த ஐ.பி. இன்னாருடையது'ன்னு சொல்ற பதிவு. ஹோஸ்டிங்காரர்கிட்ட கேட்டுப் போடுங்க.

2. எஸ்.பி.எஃப்.: என் பேர்ல மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதின்னு சொல்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு போட்டா ரெண்டுமே செல்லாது.

3. டிகிம்: ஒவ்வொரு மெயில்லயும் குத்தற டிஜிட்டல் முத்திரை. வழியில யாராவது திருத்தினா காட்டிக் குடுத்துடும்.

4. டிமார்க்: மேல சொன்ன சோதனையில தேறாத மெயிலை என்ன பண்றதுன்னு நீங்க குடுக்கற உத்தரவு.

2024 பிப்ரவரியில கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கறாராக்கிட்டாங்க. ஒரே நாள்ல 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்பறவங்களுக்கு இந்த நாலுமே கட்டாயம். ஸ்பாம்னு வர்ற புகாரும் 0.3 சதவிகிதத்தைத் தொடக்கூடாது. 'நான் பத்து மெயில்தானே அனுப்பறேன்'னு தப்பிக்க முடியாது. சின்ன ஆளுங்களுக்கும் ரிவர்ஸ் டி.என்.எஸ்.ஸும், எஸ்.பி.எஃப்., டிகிம்ல ஒண்ணாவதும் இருந்தே ஆகணும்.

சூளை சொல்ற பாடம்

புது ஐ.பி. ஊருக்குப் புதுசா வந்த ஆள் மாதிரி. நல்லவனா கெட்டவனான்னு யாருக்கும் தெரியாது. முதல் நாளே ஆயிரக்கணக்குல அனுப்பினா சந்தேகப்படுவாங்க. செராமிக் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம், சூளையில சூட்டைச் சட்டுனு ஏத்தினா பொம்மை வெடிச்சுடும். இங்கயும் படிப்படியாத்தான் ஏத்தணும். முதல்ல, பதில் போடற பழைய வாடிக்கையாளருங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மத்தவங்க. கேக்காதவங்களுக்கு எப்பவுமே வேண்டாம்.

ஒரு ரகசியமும் சொல்லிடறேன். சித்தப்பா பட்டறைக்குத் தனி மெயில் சர்வரே தேவைப்படாம போகலாம். சைட் பழைய ஹோஸ்டிங்லயே இருக்கட்டும், மெயிலை மட்டும் அதுக்குன்னே இருக்கிற சேவைக்கு மாத்திடலாம். முத்திரையும் பட்டியலும் அப்பவும் நீங்கதான் போடணும்.

இன்னிக்கு ராத்திரியே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. உங்க சைட் முகவரியிலிருந்து உங்க ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல அதைத் திறந்து, மூணு புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போங்க. எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூணுக்கும் நேரா 'பாஸ்'னு இருக்கா? சபாஷ்! 'ஃபெயில்'னு இருந்தா, செமஸ்டர் அரியரை விட அவசரமா இதை கிளியர் பண்ணுங்க.

அடுத்த கார்த்திகைக்கு சித்தப்பாவோட கொட்டேஷன் நேரா இன்பாக்ஸ்ல போய் உக்காரட்டும். அதுக்கப்புறமும் ஆர்டர் வரலைன்னா... விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க!