கப்பல் கட்டினால் கடற்படை ஆகுமா?

திருவாரூர் ஆழித்தேரை ஓடும்போது பார்த்தவர்கள் எத்தனையோ லட்சம் பேர். நிலையில் நிற்கும்போது நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. சென்ற முறை நாம் அவ்வூருக்குப் போயிருந்தபோது அந்தச் சிலரில் ஒருவராகும் பாக்கியம் கிடைத்தது. அலங்காரம் செய்து நிறுத்தினால் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உள்ள அந்தப் பெருந்தேர், துணியும் தொம்பையும் இல்லாமல் மரச்சிற்பங்களோடு சும்மா நின்றுகொண்டிருந்தது. "ஆழி" என்றால் சக்கரம். "ஆழி" என்றால் கடல். கடற்படையைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தோடு நாகப்பட்டினம் போய்த் திரும்பும் வழியில் இருந்த நமக்கு, இந்த இரட்டைப் பொருள் சற்று வேடிக்கையாகவே இருந்தது.

தேரடியில் ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தோம். இளமையில் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவராம். "வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவாங்க ஐயா. வடம் பிடிக்கிறது புண்ணியம். ஆனா தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் கட்டைதானே? அதுக்குக் கை பழகியிருக்கணும். ஒரு வருஷம் தேர் ஓடாமல் நின்னால் மரம் கெட்டுப் போகாது, கைதான் கெட்டுப் போகும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் வார்த்தையன்று. 1948-க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேர் ஓடாமலே நின்றது. 1970-இல்தான் மீண்டும் வீதிக்கு வந்தது. இப்போது சக்கரங்களுக்கு இயந்திரத் தடை பொருத்தியிருக்கிறார்கள். ஆயினும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் இன்றைக்கும் தேர் வீதி திரும்புவதில்லை.

பேச்சினிடையே பெரியவரின் பேரன் வந்து சேர்ந்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன். கடற்படைக்கு மனுப் போட்டிருக்கிறானாம். நாம் பத்திரிகைக்காரர் என்று தெரிந்ததும் பெரியவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "நாலே வருஷம்தான் வேலையாமே? அப்புறம் என்ன செய்வான்? கப்பல்லே சோறு எப்படிப் போடுவாங்க? மேலே இருக்கிறவங்க மரியாதையா நடத்துவாங்களா?"

ஆட்சேர்ப்பு விளம்பரங்கள் பெரும்பாலும் கப்பலின் படத்தைக் காட்டுகின்றன. பெரியவரோ கப்பலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நம்மவர்களுக்குக் கடற்படை என்றதும் ராஜேந்திர சோழன் நினைவு வந்துவிடும். வருவதும் நியாயமே. 1025-ஆம் ஆண்டை ஒட்டிக் கடல் கடந்து சென்ற அவனுடைய படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கி, சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்ற அரசனைச் சிறைப்பிடித்த செய்தியை அவனது மெய்க்கீர்த்தி ஊர் ஊராகப் பெயர் சொல்லி முழங்குகிறது. இதே திருவாரூர்க் கோயிலில் அவனுடைய அன்புக்குரிய பரவை நங்கையார் பொன் வேய்ந்த செய்தியும் கல்லில் இருக்கிறது. ஆனால் அந்தக் கலங்களைச் செலுத்தினவர்கள் யார்? எந்தக் கடற்கரைக் குப்பத்திலிருந்து எந்த வாக்குறுதியின்மேல் அவர்களை அழைத்துப் போனார்கள்? திரும்பி வந்தவர் எத்தனை பேர்? மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை எண்ணுகிறது. துடுப்புப் போட்டவனை எண்ணவில்லை. சோழர் பெருமை பேசுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும் என்று சொன்னால் நம்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.

துடுப்புப் போட்டவனை எண்ணாத கடற்படைக்கு என்ன நேரும் என்பதை நமது தேசம் 1946-இல் கண்ணாரக் கண்டது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய 1939-இல் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் இருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. யுத்தம் முடியும்போது முப்பதாயிரம் அளவுக்குப் பெருகிவிட்டார்கள். ஆறே வருஷத்தில் இத்தனை பேரைச் சேர்ப்பதென்றால் எப்படிச் சேர்த்திருப்பார்கள்? நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, தொழிற்கல்வி, யுத்தத்துக்குப் பின் உத்தியோகம் என்று ஆசை காட்டித்தான். பள்ளிக்கூடம் படித்த பையன்கள் தேசத்தின் நாலா பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வந்து பார்த்தால் சோற்றில் கல். ஒரே வேலைக்கு வெள்ளைக்கார மாலுமிக்கு ஒரு சம்பளம், நமது மாலுமிக்கு ஒரு சம்பளம். யுத்தம் முடிந்ததும் "வீட்டுக்குப் போகலாம்" என்ற உத்தரவு. வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் அதிகாரிகளின் வாய். பம்பாயில் "தல்வார்" என்ற பெயரில் கடற்படையின் செய்தித் தொடர்புப் பள்ளி இருந்தது. பெயருக்குத்தான் அது கப்பல்; இருந்தது தரையில். அதன் தலைவர் கமாண்டர் கிங் என்பவர், மாலுமிகளை அவர்களுடைய தாய் தந்தையரையும் சேர்த்துக் கேவலமாகத் திட்டினார். எழுத்து மூலம் முறையிட்டும் பயன் விளையவில்லை. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி காலையில் அந்தப் பள்ளியின் மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். வேலைக்கும் போக மறுத்தார்கள். அவ்வளவுதான். சில நாட்களுக்குள் 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் சேர்ந்துகொண்டன. ஏறத்தாழ இருபதினாயிரம் மாலுமிகள் வேலை நிறுத்தத்தில் இருந்தார்கள். கராச்சியில் பீரங்கி வெடித்தது. சென்னையிலும் மாலுமிகள் வெளியே வந்தார்கள். பம்பாய்த் தெருக்களில் துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். கடைசியில் சர்தார் படேலின் வார்த்தையை ஏற்று, 23-ஆம் தேதி மாலுமிகள் சரணடைந்தார்கள்.

அது விடுதலைப் போராட்டம், சந்தேகமில்லை. கொடிமரத்தில் யூனியன் ஜாக்கை இறக்கிக் காங்கிரஸ் கொடியையும் லீக் கொடியையும் சேர்த்து ஏற்றியவர்களை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் கொடி ஏறுவதற்கு முன்னால் கல் கலந்த சோறு இருந்தது, காப்பாற்றப்படாத வாக்குறுதி இருந்தது, வசைமொழி இருந்தது. பீரங்கிக்குக் குறைவில்லை, கப்பலுக்குக் குறைவில்லை. ஐந்து நாளைக்கு அந்தக் கடற்படை யாருக்கும் உதவாமல் நின்றது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அந்த மாலுமிகளைச் சுதந்திரம் வந்த பிறகும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். நமக்கு அது சமாதானமாகப் படவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு தலைமைப் பஞ்சம் எப்படிப்பட்டதென்று தெரிந்தது. தரைப்படைக்கு 1949 ஜனவரியிலேயே கரியப்பா தலைவரானார். கடற்படைக்கோ 1958 ஏப்ரல் 22 வரை ஆங்கிலேயரே தலைமை வகித்தார்கள். வெட்கமாக இருந்தாலும் காரணம் விளங்காமல் இல்லை. பணம் கொடுத்தால் கப்பல் இரண்டு வருஷத்தில் வரும். தளபதி வருவதற்கு இருபது வருஷம் ஆகும். அந்த இருபது வருஷத்தை அந்நிய ஆட்சி நமக்குத் தரவில்லை. இறுதியில் முதல் இந்தியத் தளபதியாக வந்தவர் நமது செங்கற்பட்டில் பிறந்த ராமதாஸ் கட்டாரி. 1927-இல் "டஃபரின்" பயிற்சிக் கப்பலில் முதல் அணியில் சேர்ந்தவர். அந்தப் பையன் கப்பல் ஏறியதற்கும் தளபதியாக அமர்ந்ததற்கும் இடையே ஓடியவை 31 ஆண்டுகள்.

இன்றைய நிலை என்ன? 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் "விக்ராந்த்" விமானந்தாங்கிக் கப்பல் படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம்; ஏறத்தாழ 1,600 பேர் வாழக்கூடிய ஒரு மிதக்கும் ஊர். நமது கையால் கட்டியது என்பதில் நெஞ்சு விம்முகிறது. ஆனால் அடுத்த ஆண்டே பார்லிமெண்டில் சொன்ன கணக்கின்படி கடற்படையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளின் இடங்களும், ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட அதிகாரிகளின் இடங்களும் காலியாக இருந்தன.

ஆயத்தம் என்பது ஒருநாள் வேலையன்று. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை நாகையை அழித்தபோது, மறுநாள் யோசித்துக் கப்பல் அனுப்பியிருந்தால் என்ன பயன்? அன்றைக்கே கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் புறப்பட்டன. பிறகு 32 கப்பல்கள் வரையில் நமது கரைக்கும் அந்தமானுக்கும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போயின. பண்டிகை விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013 ஆகஸ்டில் பம்பாய்த் துறையில் "சிந்துரக்ஷக்" நீர்மூழ்கி வெடித்துப் பதினெட்டுப் பேர் மாண்டார்கள். ஆறு மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 26-ஆம் தேதி "சிந்துரத்ன"த்தில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அன்றைக்கே தளபதி அட்மிரல் ஜோஷி, தார்மிகப் பொறுப்பு தம்முடையது என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். நீர்மூழ்கிக்குள் அவர் இல்லை. வால்வைத் திருகியவரும் அவர் அல்லர். ஆயினும் விலகினார். தல்வார் பள்ளியின் கமாண்டரையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெரியவரின் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தின்படி சேர்கிறவர்களுக்கு நான்கு ஆண்டுதான் பணி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். முடியும்போது சேமிப்பும் அரசாங்கத்தின் பங்கும் சேர்ந்து 11 லட்சத்துச் சொச்சம். ஓய்வூதியம் இல்லை. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையில் நிலைத்திருக்கலாம். ஒரிஸாவின் சில்காவில் பயிற்சி முடித்து 2023 மார்ச்சில் வெளியே வந்த முதல் அணியில் ஏறத்தாழ 2,600 பேர். அவர்களில் 270-க்கு மேற்பட்ட பெண்கள். இளைஞர் படையாக இருக்கும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். அது மெய்தான். ஆனால் கை பழகுவதற்குள் நான்கு வருஷம் ஓடிவிடுமே என்று முட்டுக்கட்டைக்காரர் கேட்டால் நாம் என்ன சொல்வது? மீதி எழுபத்தைந்து பேரை 1946-இல் அனுப்பியதைப் போல வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று சொல்லலாம். கையில் பணம் இருக்கும். வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி.

இத்தனையையும் பெரியவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பேரன்தான் பேசினான்: "பரீட்சைக் கேள்வி இங்கிலீஷிலேயும் இந்தியிலேயும்தான் வருமாம் சார். கணக்கும் பௌதிகமும் இங்கிலீஷிலே திரும்பப் படிச்சுக்கிட்டிருக்கேன்." தமிழில் ஏன் இல்லை என்று அவன் கேட்கவில்லை, அதை நாம் கேட்கிறோம்.

மறுநாள் விடியற்காலையில் கமலாலயக் கரையில் அவ்விருவரையும் மீண்டும் பார்த்தோம். ஐந்து வேலிக் குளம் அது. உடற்பரீட்சையில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டுமாம். பையன் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டுத் தயாராக நின்றான்.

"ஐயா, உங்க கைக்கடியாரத்தைக் கொஞ்சம் கொடுங்க" என்றார் பெரியவர்.